முதிய நாயின் மூட்டுவலி: மனிதர்களுக்கான மாத்திரை ஆபத்து

டோம்பிவிலியில் மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளரும் முதிய நாய்களுக்குப் படிக்கட்டே முதல் சோதனை. படியருகே தயங்கி நிற்பது, சிரமத்துடன் எழுவது, ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது ஆகியவை மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். வலித்தாலும் நாய்கள் பெரும்பாலும் கத்துவதில்லை என்பதால், இது வெறும் முதுமைச் சோர்வாகவே கருதப்பட்டுவிடுகிறது.

வலியை உணர்ந்தபின் வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்களுக்கு இரைப்பைப் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றை ஏற்படுத்தக்கூடும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் நாய்களுக்கு உண்டு. ஆனால், எடையையும் சிறுநீரக, கல்லீரல் நிலையையும் அறிந்து கால்நடை மருத்துவரே அளவை முடிவு செய்ய வேண்டும்.

மருந்துக்கு இணையாக முக்கியமானது எடைக் குறைப்பு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்த ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் 25 சதவீதம் குறைவாக உணவு பெற்ற நாய்கள் ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுநோய்ச் சிகிச்சையும் தாமதமாகவே தேவைப்பட்டது. பிஸ்கட்டை அன்பின் அடையாளமாகக் கருதும் வீடுகளுக்கு இது கசப்பான செய்திதான்.

வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்பு, தடித்த படுக்கை, நீண்ட நடைக்குப் பதிலாகப் பலமுறை குறுநடை ஆகியவையும் உதவும்.

மனிதர்களுக்கான மாத்திரை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால், வாந்தியோ கறுப்பு நிற மலமோ தென்படும்வரை காத்திராமல், மாத்திரையின் பெயரையும் அளவையும் கூறி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.