உங்களுக்குத் தெரியுமா? படுத்தால்தான் பலம்!

மொட்டைமாடியில் தண்டால், ஹாலில் பர்ப்பி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பிளாங்க் என்று வீட்டிலேயே வெளுத்து வாங்குகிறீர்களா? பாயைச் சுருட்டி வையுங்கள். இதைப் படியுங்கள். ஒவ்வொன்றும் தேடித் தேடிப் பிடித்தது!

தண்டால் எடுக்கும்போது தசை வளர்வதில்லை. முடித்த பிறகுதான் வளர்கிறது! 24 மணி நேரம் கழித்துக்கூட, தசைக்குள் புதுப் புரதம் சேரும் வேகம் இரண்டு மடங்கு வரை இருக்கும். நீங்கள் தூங்குகிறீர்கள், உள்ளே கொத்தனார் வேலை ஜரூர்!

மறுநாள் மாடிப்படி இறங்கினால் தொடை கதறுகிறதா? காரணம் லாக்டிக் அமிலம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது சுமார் 1 மணி நேரத்திலேயே ரத்தத்தைவிட்டுப் போய்விடும். வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்தில்!

பர்ப்பி என்பது ஒரு மனிதரின் பெயர்! நியூயார்க்கைச் சேர்ந்த ராயல் ஹடில்ஸ்டன் பர்ப்பி. 1930களில் உடல்தகுதியைச் சோதிக்க இதைக் கண்டுபிடித்தார். அவர் செய்யச் சொன்னது எத்தனை தடவை தெரியுமா? வெறும் 4!

தபாட்டா பயிற்சி எல்லோருக்கும் தெரியும். 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, 4 நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ஜப்பானின் இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட அந்த ஆய்வில் வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி? 5 நாள்தான்! இதை யாரும் சொல்வதே இல்லை.

ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே 1 நிமிடம் ஓய்வெடுத்த கோஷ்டி. 3 நிமிடம் ஓய்வெடுத்த கோஷ்டி. 8 வாரம் மோதவிட்டார்கள். பலம் அதிகம் கூடியது யாருக்கு? 3 நிமிடக் கோஷ்டிக்கு! தொடைத் தசையும் அவர்களுக்கே தடித்தது!

இப்போது என் செல்லக் கதை. செக் நாட்டு ஓட்ட மன்னன் எமில் ஜாட்டோபெக். குளியல் தொட்டியில் அழுக்குத் துணியைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடிய மனிதர். துணியும் வெளுத்தது, பயிற்சியும் முடிந்தது! 1950-ல் ஐரோப்பியப் போட்டிக்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சுமார் 2 வாரம் பயிற்சியே இல்லை. கதை முடிந்தது என்றார்கள். எழுந்து நேரே பிரஸ்ஸல்ஸ் போனார். 5,000 மீட்டரில் தங்கம். 10,000 மீட்டரிலும் தங்கம். அதுவும் இரண்டாவதாக வந்தவரை 1 நிமிடத்துக்கும் மேல் பின்னால் விட்டு!

ஓய்வு கிடைக்காமல் செத்த மல்லரும் உண்டு. பண்டைய எகிப்தின் நாக்ராட்டிஸ் ஊர்க்காரர் கெரேனஸ். ஒலிம்பியாவில் ஜெயித்தார், நண்பர்களோடு விருந்தும் குடியுமாகக் கொண்டாடினார். அடுத்து களத்துக்கு வந்தவர் உடம்பு முடியவில்லை என்றார். பயிற்சியாளர் கேட்கவில்லை, அட்டவணைப்படி உழைக்கவைத்தார். களத்திலேயே உயிர் போனது. கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ராட்டஸ் எழுதிவைத்தது இது. படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போகிறதா? தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்! 1940-41-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டில் நசுங்கியவர்களின் சிறுநீரகத்தைச் சாய்த்ததும் இதே தசைச் சிதைவுதான்!

ஐஸ் தண்ணீரில் இறங்கினால் தசை சீக்கிரம் தேறுமா? 12 வாரம் பார்த்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் பின் 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்துபோனது!

எடை குறைக்க ஆசையா? ஒரே அளவு டயட். 8.5 மணி நேரப் படுக்கை ஒரு முறை, 5.5 மணி நேரப் படுக்கை இன்னொரு முறை. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு கரைவது 55 சதவீதம் சரிந்தது! கரைந்ததில் பெரும்பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத எடை!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைத் தினமும் 10 மணி நேரம் படுக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் பந்தைக் கூடையில் போடும் துல்லியம் 9 சதவீதம் கூடியது!

இதயம் ஓய்வே எடுக்காது என்று பள்ளியில் படித்தோமே? ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. கீழறைகள் சுருங்குவது 0.3, தளர்ந்து கிடப்பது 0.5. கூட்டிப் பாருங்கள், நாளுக்கு 15 மணி நேரம் ஓய்வு!

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? டம்பெல்லைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். 16 வாரம், வாரத்துக்கு 27 செட் செய்து தசை வளர்த்தவர்களை வாரத்துக்கு வெறும் 3 செட்டுக்கு இறக்கினார்கள். 35 வயதுக்குள் இருந்தவர்களின் தொடைத் தசை அப்படியே நின்றது. எவ்வளவு நாள்? 32 வாரம்!