ஒரே முகம், ரெண்டு குணம்

நாத்தங்கால் போடுற எல்லாருக்கும் இது தெரியும். நேத்து பச்சையா நின்ன நாத்து இன்னைக்குத் தலை சாய்ஞ்சு கிடக்கும். பிடுங்கிப் பார்த்தா வேர் பழுப்பேறி, தோல் கையோடு உரிஞ்சு வரும். "பூசணம்தான், மண்ணுக்கே மருந்து ஊத்திடுங்க" என்று உடனே யோசனை வரும். எந்தப் பூசணம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை, அமெரிக்க நாற்றங்கால்கள் பற்றிய ஓர் ஆய்வைப் படித்தபோது புரிந்துகொண்டேன்.

அங்கே காடு வளர்க்க டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரக் கன்றுகளை வளர்க்கிறார்கள். வேரழுகலுக்குப் பயந்து பல நாற்றங்கால்களில் மீத்தைல் புரோமைடு வாயுவை மண்ணுக்குள் செலுத்தினார்கள். நல்லது, கெட்டது எல்லாம் சேர்ந்து செத்தது. அந்த வாயு ஓசோன் படலத்தையும் கெடுப்பதால், வளர்ந்த நாடுகள் 2005-க்குள், சில விலக்குகள் தவிர, அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

நோயுற்ற வேரில் கிடைத்த பூசணத்தை 'பியூசேரியம் ஆக்சிஸ்போரம்' என்றே எழுதி வந்தார்கள். நம்ம வாழை வாடலுக்குக் காரணமும் இந்தப் பெயர்க்காரன்தான். ஆனால் ஒரு புதிர். அதைக் கன்றுகளில் ஏற்றிப் பார்த்தால் சில கொன்றன. சில ஒண்ணுமே செய்யவில்லை. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே முகம்.

ஐடஹோ மாநில நாற்றங்கால் ஒன்றின் பூசணங்களை டி.என்.ஏ. வழியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கொன்றது வேறு இனம்: 2003-இல்தான் பெயர் சூட்டப்பட்ட 'பியூசேரியம் கம்யூன்'. ஆக்சிஸ்போரமாக மிஞ்சியவை தீங்கு செய்யாதவை.

பூசணத்தின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல லட்சம் நகலெடுத்து, அதன் வரிசையைப் படிக்கிறார்கள். வாடல் தெரியும் முன்பே வேரில் ஒளிந்திருப்பதையும் இப்படிப் பிடிக்கலாம். ஆனா செத்த பூசணத்தின் டி.என்.ஏ.வும் சோதனையில் தெரியும். அதனால் முடிவை வயலோடு சேர்த்தே படிக்கணும்.

தீங்கில்லாத ஆக்சிஸ்போரம் வகைகளில் சில, வேரில் இடம்பிடித்து நோய்க்காரனை அண்டவிடாது. மண்ணை மொத்தமா கொன்னா இந்தக் காவல்காரனும் போயிடுவான்.

நஞ்சில்லாத வழியும் அங்கேயே இருக்கு. டக்ளஸ் ஃபிர் விதையை ஓடும் நீரில் 48 மணி நேரம் அலசுகிறார்கள். விதைத்தோலில் ஒட்டிய பூசணம் குறைகிறது. பழைய நாற்றுக்கூடுகளைச் சுடுநீரில் முக்கி எடுக்கிறார்கள். நாமும் குழித்தட்டைக் கழுவாமல் மறுபடி நிரப்பக் கூடாது. தண்ணீர் தேங்க விடக் கூடாது. நாத்து வாங்கும்போது ரெண்டைப் பிடுங்கி, வேர் வெள்ளையா இருக்கான்னு பாத்துட்டு காசு கொடுங்க.