பனிமலையிலிருந்து மரணப் பள்ளத்தாக்குக்கு

ஊர் பார்க்கப் புறப்படுவோர் வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்வர். வீட்டையே ஓட்டிக்கொண்டு செல்வோரும் உளர். கட்டில், அடுப்பு, குளியலறை, நீர்த்தொட்டி யாவும் ஒரு மோட்டார் வண்டிக்குள் அமைந்துவிட்டால் அதுவே ‘மோட்டார் வீடு’. அத்தகைய வண்டியொன்றில், ஒரு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நாம் குடும்பமாகப் பயணஞ் செய்தோம். அப்பயணத்தின் ஒரு நாளை இங்கே சொல்ல விழைகின்றோம்.

லோன் பைன் என்னும் சிற்றூரில் பொழுது விடிந்தது. சன்னல் திரையை விலக்கினால், மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் பனி போர்த்து நின்றது. அதன் தலைச்சிகரமாகிய விட்னி மலையின் உயரம் 14,505 அடி. எமது பிதுருதலாகலையோ 8,281 அடியே. அன்று மாலை நாம் சேரவேண்டிய பாட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கின்றது. நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 85 மைல் மாத்திரமே!

பனிமலைக்கு அருகிலே பாலைவனம் எவ்வாறு வந்தது? பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, மலைமீது ஏறும்போது குளிர்ந்து மழையாகவும் பனியாகவும் தன் சுமையை இறக்கிவிடுகின்றது; அப்பால் இறங்குவது வறண்ட காற்றே. மட்டக்களப்பு வாசகருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு அவர்களை வாட்ட வரும் கச்சான் காற்றின் கதையும் இதுவேயன்றோ? மரணப் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பல மலைத்தொடர்கள் உள்ளன. ஆகவே ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை ஏறக்குறைய 2 அங்குலமே.

லோன் பைனுக்குத் தெற்கே ஓவென்ஸ் ஏரி வெண்மையாய்ப் பரந்து கிடந்தது. அதனுள் பாய்ந்த ஆற்றின் நீரை 1913ஆம் ஆண்டிலே கால்வாய் வெட்டி, 200 மைலுக்கு அப்பாலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கொண்டுசென்றது. சில ஆண்டுகளில் ஏரி வற்றியது. உப்புப் புழுதி எழுந்து ஊர்களை வருத்தியது. அப்புழுதியை அடக்க, 2001 முதல் அதே நகரம் ஏரிப் படுகையில் நீர் பாய்ச்சி வருகின்றது. எடுத்த நீரின் கடன் எளிதில் தீராது போலும்!

பனமிண்ட் மலைத்தொடரில், ஏறக்குறைய 5,000 அடி உயரமுள்ள டவுன் கணவாயைக் கடந்து இறங்கலானோம். பாதை நேராகச் சரிந்தது. பாதி வழியில் வண்டிக்குள் ஏதோ தீய்ந்த வாடை வீசியது. “அடுப்பை அணைக்க மறந்தீர்களோ, அம்மா?” என்றான் எம் இளைய மகன். அடுப்பன்று, பிறேக்! பல தொன் எடையுள்ள வண்டியைப் பிறேக்கை மட்டுமே நம்பி இறக்கியது எமது பிழை. உராய்வினால் மிகச் சூடேறிய பிறேக், பிடியை இழந்துவிடக்கூடும். ஓரத்தில் நிறுத்தி, அது ஆறும்வரை அரைமணி நேரம் வாயடைத்து அமர்ந்திருந்தோம். பின்னர், இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு தாழ்ந்த கியரில், ஆமை வேகத்தில் இறங்கினோம்.

பாட்வாட்டரில் உப்பு வெளி கண்ணெட்டும் தூரம் வெளுத்திருந்தது. அண்ணாந்து பார்த்தோம்: செங்குத்தான பாறையில், தலைக்கு மேல் வெகு உயரத்தில், ‘கடல் மட்டம்’ என்றொரு பலகை! அருகிலுள்ள பர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10ஆந் திகதி பதிவான வெப்பம் 134 பாகை பரனைற். கோடையில் இங்கே வருவது தகாது. 1849இல் பொன் தேடி வந்து வழிதவறித் தவித்தோரே இதற்கு மரணப் பள்ளத்தாக்கு எனப் பெயரிட்டனர். ஆயினும் திம்பிஷா ஷொஷோனி மக்களுக்கு இது மரண பூமியன்று; ஊற்றுகளின் இடமறிந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தாயகம். அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டில் சட்டப்படி அவர்களிடம் மீண்டது.

இரவு பர்னஸ் கிரீக்கில் தங்கினோம். வண்டியின் நீர்த்தொட்டி கால்வாசிக்குக் குறைந்திருந்தது. காலையில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கிய எம் இளைய மகன், இரவு யாரும் சொல்லாமலே ஒரு கோப்பையில் நீரை அளந்து எடுத்தான். மீதியைக் கொட்டாமல் மூடியும் வைத்தான். நூறு முறை நாம் சொல்லியும் ஏறாத பாடத்தைப் பாலைவனம் ஒரே பகலில் புகட்டிவிட்டது.