நோய் என்று தெரியாத நோய்

தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பளபளவென்று இருக்கும் தண்டவாளத்துக்குள்ளும் விரிசல் இருக்கலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. மீயொலிக் கருவி வைத்துச் சோதித்தால்தான் அகப்படும். பணி ஓய்வுக்குப் பின் தோப்பும்படி வீட்டில் உட்கார்ந்து கீர்க்ககார் என்ற டென்மார்க் தத்துவ ஞானியைப் படித்தபோது அந்தக் கருவிதான் நினைவுக்கு வந்தது.

சோரன் கீர்க்ககார் 1813-ல் கோபன்ஹேகனில் பிறந்து, 42-ஆம் வயதில் 1855-ல் மறைந்தார். பிற்கால இருத்தலியச் சிந்தனைக்கு முன்னோடி; ஆழ்ந்த கிறிஸ்தவர். 1849-ல் புனைபெயரில் அவர் வெளியிட்ட 'மரணத்துக்கேதுவான நோய்' என்ற நூல் மனிதனின் நம்பிக்கையிழப்பை ஆராய்கிறது. லாசருவின் நோயைப் பற்றி யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்வதிலிருந்து எடுத்த தலைப்பு இது. உடலின் நோய் சாவோடு முடியும். நம்பிக்கை இழந்தவனோ தன்னைத் தானே தொலைத்துவிட நினைத்தும் முடியாமல் தவிக்கிறான். அதுவே கொடிய நோய் என்பது அவர் வாதம்.

இந்நோயை அவர் மூன்று நிலைகளாகக் காண்கிறார். முதலாவது, நோய் இருப்பதே தெரியாத நிலை. வேலை, சம்பளம், வீடு என்று எல்லாம் சரியாக ஓடும், உள்ளே விரிசல். கை கால் போனால் உடனே தெரிகிறது. 'தான்' தொலைந்து போனால் சத்தமே கேட்பதில்லை என்கிறார். இரண்டாவது, தான் தானாக இருக்க விரும்பாத நிலை. மூன்றாவது, யார் துணையும் வேண்டாம், கடவுளும் வேண்டாம் என்று வீம்பாக நிற்கும் நிலை.

இரண்டாவது நிலைக்கு அவர் காட்டும் உதாரணம் என்னைச் சுட்டது. சீசராக ஆசைப்பட்டவன் சீசராக முடியாதபோது, பதவி கிடைக்காததற்காக அழுவதாக நினைக்கிறான். உண்மையில் சீசராகாத தன்னையே அவனால் சகிக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற முதல் வருடம் நானும் வேலை போனதே என்றுதான் மறுகினேன். பதவி இல்லாத என்னை எனக்கே பிடிக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. "ஊரிலேயே இருந்திருந்தால் நான் வேறு ஆளாகியிருப்பேன்" என்று நம்மில் பலர் பெருமூச்சு விடுவதும் இதே விரிசல்தான்.

மருந்து? தன்னைப் படைத்தவனிடம் தன்னை ஒளிவுமறைவின்றி ஒப்படைத்து, தான் தானாகவே இருப்பது. இதையே அவர் விசுவாசம் என்கிறார்.

ஒன்று சொல்லவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இன்றி மனம் சோர்ந்தால் அது தத்துவத்தால் தீராது. தயங்காமல் டாக்டரிடம் போகவேண்டும். மற்றபடி, விரிசலைக் கண்டுபிடிப்பது தண்டவாளத்தைக் குறை சொல்வதற்கல்ல. வண்டி பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தான்.