செரான் கிரகம் கற்பிக்கும் பாடம்

விஞ்ஞானக் கதைகள் வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணலாகாது. அறநெறியைச் சிந்திக்கச் செய்யும் கதைகளும் அவற்றுள் உண்டு.

1969 ஜனவரி 10-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஒரு கதை ஒளிபரப்பாயிற்று. செரான் கிரகத்தில் இரண்டு இனத்தார். இரு இனத்தாருக்கும் முகம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஓரினத்தாருக்கு வலப்பக்கம் கறுப்பு; மற்றவர்க்கு இடப்பக்கம். வேற்றுமை அவ்வளவே! இதற்காக ஓரினம் மற்றதை அடிமைப்படுத்தியது. கலகம் செய்த லோகாயை, ஆளும் இனத்தவனான பீல் 50,000 ஆண்டுகள் துரத்துகிறான். இறுதியில் செரானில் ஒருவரும் உயிரோடில்லை. இரு இனத்தாரும் ஒருவரையொருவர் கொன்று அழிந்திருந்தனர். அப்போதும் அவ்விருவரின் பகை தீரவில்லை.

அமெரிக்கக் கறுப்பு மக்களின் உரிமைக்காக உழைத்த மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில்தான் கொல்லப்பட்டிருந்தார். எனவே இக்கதையின் உட்பொருளை நாம் எளிதில் உணரலாம்.

இருவர் குற்றமும் சமமா? அன்று. அடிமைப்படுத்தியவரே பகையை விதைத்தவர். விடுதலை கேட்டது குற்றமாகாது. ஆனால் நீதி கேட்ட நெஞ்சிலும் பழிவெறி குடியேறியதால், நீதியை அனுபவிக்க எவரும் எஞ்சவில்லை. இயேசு பெருமான் கற்பித்த மன்னிப்பு, அநீதிக்குத் திரையிடுவதன்று; நாளை இருதரப்பாரும் உயிரோடு வாழ வழி திறப்பதே என்பதை நாம் உணர்வோமாக!