பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, உரிமை உண்டு!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிற்று. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. ஆலைப் புகையால் பூமியும் கடலும் சூடேற ஏற, புயல்கள் மேலும் அதிக மழையைச் சுமந்து வரும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆலை எழுப்ப அனுமதி தருவது அரசாங்கம். புகையின் பலனை நெடுங்காலம் அனுபவிக்கப் போவதோ ஓட்டில்லாத பிள்ளைகள். அவர்கள் யாரிடம் முறையிடுவது?

உத்தரகண்ட் சிறுமி ரிதிமா பாண்டே முறையிட்டுப் பார்த்தாள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க மத்திய அரசாங்கம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று, 2017-ல், ஒன்பதாவது வயதில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தாள். தொழில்களுக்கு அனுமதி தருமுன் நடக்கும் பரிசீலனையிலேயே இவ்விஷயமும் அடங்கும் என்று கூறி, 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிவிட்டது.

ஆனால் 2024-ல், கானமயில் பறவையைப் பற்றிய வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் வேறொரு கதவைத் திறந்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளுக்கு ஆளாகாமல் வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 14, 21-வது விதிகள் தரும் உரிமையே என்றது.

அவ்விதிகள் வயது கேட்பதில்லை. தீர்ப்பாயம் சொன்ன பரிசீலனை மெய்யாகவே நடக்கட்டும். அடுத்த ஆலைக்குக் கையெழுத்திடும் அதிகாரி, கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்!