கூலி: ஊர் சுற்றி வந்த சொல்

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, ‘மை ஃபாதர் இஸ் கூலி’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் ‘இஸ்’ஸுக்குப் பின்னால் ‘எ’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்து, சரி போட்டுக் கொடுத்துவிட்டேன். நாற்பது நோட்டுகளை ஒரே மூச்சில் திருத்தும்போது இலக்கணம்தான் கண்ணில் படும். ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

மறுநாள் இடைவேளையில் வகுப்பு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“டீச்சர், இந்த வார்த்தைக்குப் பக்கத்துல ‘அஃபென்சிவ்’னு போட்டிருக்கு. அப்படின்னா மனசைப் புண்படுத்துற வார்த்தைதானே? எங்கப்பாவை நான் திட்டி எழுதிட்டேனா?”

“நீ தப்பா ஒண்ணும் எழுதலம்மா. நாளைக்குச் சொல்றேன்” என்று அனுப்பிவைத்தேன். சரி போட்டவள் நான்தானே. அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

தமிழில் கூலி என்றால் ஆள் இல்லை, உழைப்புக்குக் கிடைப்பது. ‘கூலிக்குப் போகிறேன்’, ‘கூலி வாங்கியாச்சா’ என்றுதான் நம் ஊரில் பேச்சு. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல் சேர வேண்டும். திருக்குறளின் 619ஆம் குறளில், உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பயனே கூலி. அவ்வளவு மதிப்பான இடத்தில் இருக்கும் சொல் அது. தஞ்சை மண்ணில் அது சாதாரணச் சொல்லும் அல்ல. அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கை.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போன வழியைத் தேடினால் நம் ஊருக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொற்களுக்கு ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்றொரு பெரிய அகராதி 1886இல் லண்டனில் வெளிவந்தது. அதைத் தொகுத்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஏ.சி. பர்னல். இந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின், அதாவது நம் சரஸ்வதி மகாலின், சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்து 1880இல் வெளியிட்டவரும் இவரே. சொல்லகராதி அச்சாகி வருவதற்குள், 1882இல் இறந்துபோனார். அகராதியின் பெயரே ஒரு வேடிக்கை. மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த முழக்கம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்ததாம்.

‘கூலி’க்கு அந்த அகராதி இரண்டு மூலங்களைப் பேசுகிறது. ஒன்று, குஜராத்தில் வாழும் கோலி மக்களின் பெயர். மற்றொன்று, சம்பளம் என்ற பொருள் உள்ள நம் தமிழ்ச் சொல். இரண்டும் கலந்துதான் ஆங்கிலச் சொல் உருவாகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, கொடுக்கும் காசுக்கு இருந்த பெயர் வாங்கும் மனிதரின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறகு அது கப்பல் ஏறியது. கரும்புத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனவர்களை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து மலேயாவுக்குக் கப்பல் ஏறிய நம் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. 1893இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்கா சென்றபோது அங்கே இந்தியர் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். அவரையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றே குறிப்பிட்டார்கள். அகராதிக்காரர்கள் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்று எச்சரிக்கை போடுவது இதனால்தான்.

மறுநாள் இதையெல்லாம் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். பாடம் ஒரு பாடவேளையில் முடியவில்லை. நம்மிடமிருந்து போன வேறு சொற்களைக் கேட்டார்கள். கஞ்சி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று கரும்பலகை நிரம்பியது. அவர்களுக்கு அதிகம் பிடித்தது ‘அனிகட்’. கல்லணைக்கு ஆங்கிலத்தில் ‘கிராண்ட் அனிகட்’ என்று பெயர். சுற்றுலா போனபோது பலகையில் அதைப் படித்து, ஏதோ வெள்ளைக்காரர் பெயர் என்று நினைத்திருந்தானாம் ஒருவன். ‘அணைக்கட்டு’ என்று மெதுவாகச் சொல்லிக் காட்டியதும் வகுப்பே சிரித்தது.

மாற்றி யோசிக்க வேண்டிய இடமும் உண்டு. வயலில் நிற்பதும், மூட்டையில் இருப்பதும், இலையில் விழுவதும் ஆங்கிலேயருக்கு ‘ரைஸ்’தான். நமக்குப் பயிர், நெல், அரிசி, சோறு எல்லாம் வேறு வேறு. ‘பேடி’ என்ற சொல்லைக்கூட மலாய் மொழியிலிருந்துதான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ‘மை மதர் குக்ஸ் பேடி’ என்று ஒரு பையன் எழுதினால் அவனுக்கு அறிவு குறைவு என்று பொருள் இல்லை. நான்கு சொல் உள்ள வீட்டிலிருந்து ஒரு சொல் உள்ள வீட்டுக்குப் போய்த் தடுமாறுகிறான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் வருவதில்லை என்பது என் அனுபவம்.

மீண்டும் அந்த வாக்கியத்துக்கு வந்தோம். ‘கூலி’யை அடித்துவிட்டு என்ன எழுதுவது? ‘டெய்லி வேஜ் வொர்க்கர்’ என்று எழுதலாம். படிவங்களுக்கு அது போதும், யாரையும் புண்படுத்தாது. ஆனால் படிப்பவருக்கு அவர் என்ன வேலை செய்கிறார் என்பது அதிலும் தெரியாது. “அப்பா காலையிலேர்ந்து என்னென்ன செய்வார்னு வீட்ல கேட்டுட்டு வா. பெயர் வேண்டாம், செய்யிற வேலையை மட்டும் எழுது” என்றேன். எல்லோருக்கும் அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். பெயர்ச்சொல்லில் மாட்டிக்கொள்ளும்போது வினைச்சொல்லைத் தேடுவது எழுத்தைத் தெளிவாக்கும் எளிய வழி. தமிழ்ப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

வந்த நோட்டுகளைப் பார்க்க வேண்டுமே! நாற்றுப் பறிப்பதும் களை எடுப்பதும் வாய்க்கால் வெட்டுவதும் ஆங்கிலத்தில் வந்திருந்தன. நாற்றுக்கு ‘சீட்லிங்’, களைக்கு ‘வீட்’ என்று அகராதியைத் தாங்களே புரட்டியிருந்தார்கள். எனக்கே ‘வரப்பு’க்கு என்ன சொல் என்று யோசிக்க வேண்டியிருந்தது. ‘பண்ட்’ என்று நாம் எழுதுவது இந்தியாவைத் தாண்டினால் எல்லோருக்கும் புரியாது. ‘வயலைச் சுற்றிய தாழ்வான மண் கரை’ என்று விளக்கி எழுதச் சொன்னேன்.

அந்த மாணவியின் நோட்டில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. அப்பா வரப்பு வெட்டுகிறார், நடவுக்கு வயலைத் தயார் செய்கிறார் என்பது ஒன்று. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்குகிறார் என்பது மற்றொன்று. பழைய பக்கத்தைத் திருப்பி, நான் போட்ட ‘எ’யையும் சரி குறியையும் அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

“டீச்சர், அப்பாகிட்ட தமிழ்ல படிச்சுக் காட்டினேன். மாடு கட்டி ஏர் உழவும் தெரியும்னு சேர்க்கச் சொன்னாங்க.”

“சேர்த்துடு. அதுக்கு ‘ப்ளவ்’னு வார்த்தை” என்று பலகையில் எழுதினேன். பி, எல், ஓ, யு, ஜி, ஹெச்.

“கடைசி ரெண்டு எழுத்து எதுக்கு டீச்சர்? வாயில வரவே இல்லையே.”

‘காஃப்’, ‘ரஃப்’, ‘தோ’ என்று அதே நான்கு எழுத்தில் முடியும் இன்னும் மூன்று சொற்களைக் கீழே எழுதினேன். மணி அடித்துவிட்டது.